ஓடாமல் நின்ற ஒரே மெஷின்

புல் வெட்டும் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முக்கால்வாசிப் பேர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அது தப்பு, ஐயா. இழுக்க இழுக்கப் பெட்ரோல் உள்ளே போய்த் தேங்கும், பிளக் நனையும், தோள்பட்டை கழன்றுபோகும். கடைசியில் மெஷினுக்கு ஓர் உதை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. ஒன்றைப் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன். விசாரணையில் நீங்கள் கேட்ட கேள்விக்கும் அப்படித்தான் வரப்போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கோன்யா பக்கத்து ஆள், சமவெளியில் பிறந்தவர். ஆனாலும் கருங்கடல் ஓரத்து எங்கள் கிரேசுன் மலையைச் சீக்கிரம் புரிந்துகொண்டுவிட்டீர்கள். ஹேசல் கொட்டை பறிப்பதற்கு முந்தைய வாரம் எல்லாத் தோட்டத்திலும் செடிக்கு அடியில் புல்லை மொட்டையடித்தாக வேண்டும். இல்லையென்றால் உதிர்ந்த கொட்டையைக் கண்ணில் காண முடியாது, பறிக்க வருகிற ஆட்களும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். அதனால் அந்த வாரம் முழுக்கப் பள்ளத்தாக்கில் மெஷின் சத்தம்தான். மற்ற நாட்களில் நாங்கள் விசிலிலேயே பேசிக்கொள்வோம். இந்தச் சரிவில் நின்று, "சாப்பாடு ஆயிடுச்சு, வா" என்று விசிலடித்தால் எதிர்ச் சரிவில் இருப்பவனுக்கு வார்த்தை வார்த்தையாக விளங்கும். மெஷின் வாரத்தில் மட்டும் ஊரே செவிடு. மெஷின் ஓடாதவனுக்குத்தான் காது இருக்கும்.

நீங்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். கெட்டிக்காரர்.

அன்று காலையில் டீக்கடையில் என்னைக் கிண்டல் செய்தது எல்லாருக்கும் தெரியும். நான் மறைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து இல்யாஸ்தான் ஆரம்பித்தான். "என்ன ஜெவ்தெட், உன் மெஷின் இன்னும் எந்திரிக்கலையா? தாலாட்டுப் பாடித் தூங்க வச்சிட்டியா?" என்றான். "ஆட்டை ஓட்டிட்டுப் போய் மேய விடு, மெஷினை விட சீக்கிரம் முடிச்சிடும்" என்றான் இன்னொருவன். நான் சிரித்துக்கொண்டே கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன்? ஆனால் எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சல் இல்யாஸ் மேல் இல்லை, என் அண்ணன் ஹய்ரி மேல்.

அண்ணனும் நானும் அப்பா பிரித்துக் கொடுத்த தோட்டத்தில் மேலும் கீழுமாக இருக்கிறோம். என்னுடையது மேலே, அவனுடையது கீழே, ஓடைப் பள்ளம் வரைக்கும். நடுவில் எல்லையாக ஒரு செடிப்புதர். அது வருடா வருடம் என் பக்கம் நகர்ந்து வருகிறது என்று நான் சொல்வேன். "செடி நடக்குமாடா?" என்று அவன் சிரிப்பான். சிரிக்கிறவன் மேல் எனக்கு எப்போதுமே நம்பிக்கை இல்லை. மடியில் கனம் இல்லாதவன் எதற்குச் சிரிக்கிறான்?

அவனுடைய மெஷின் போன வருடமே செத்துவிட்டது. எங்கள் ஊரில் புல் வெட்டும் வாரத்தில் மெஷின் கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்புகிறவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். அதனால் என்னுடையதைக் கொடுத்தேன். முந்தின நாள் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தான். துடைத்து, புல்லை அறுக்கிற நைலான் நரம்பு புதிதாகச் சுற்றி, டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி, கூடவே அண்ணி சுட்ட சோளரொட்டி வேறு. "நாளைக்குப் பள்ளத்து ஓரத்தை மட்டும் அரிவாளால அறுத்துக்குறேன்டா. கல்லுல நரம்பு அறுந்துபோகுது, உன் மெஷின் எதுக்குக் கெடணும்" என்றான். அவன் போன பிறகு, ஏதாவது கெடுத்து வைத்திருக்கிறானா என்று பாதையோரம் கொஞ்சம் வெட்டிப் பார்த்தேன். ஓடியது. நிறுத்தி, கொட்டகையில் மாட்டினேன். கொட்டகைக்குப் பூட்டு கிடையாது.

மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. நீங்களே சொல்லுங்கள், ராத்திரிக்குள் ஒரு மெஷினுக்கு என்ன வரும்? என் தோட்டத்தில் புல் நின்றால் பறிக்கிற ஆட்கள் யார் தோட்டத்துக்கு முதலில் போவார்கள்? அடுத்தது அண்ணனுடையதுதான். எனக்குச் சந்தேகம் வந்ததில் என்ன தப்பு?

டீக்கடையிலிருந்து வந்ததும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மெஷினை மடியில் வைத்தேன். அண்ணி தன் பால்கனியிலிருந்து பார்த்ததாகச் சொன்னது உண்மை. அதற்குக் கீழேயே இல்யாஸின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அவளுக்கு விசில் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

முதலில் பெட்ரோல். மூடியைத் திறந்து முகர்ந்தேன். புதுப் பெட்ரோல், தண்ணீர் கலக்கவில்லை. முந்தின நாள் கொஞ்சம் வெட்டிய பிறகும் டேங்க் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. இரவல் வாங்கியவன் எவனாவது விளிம்பு வரை ஊற்றிக் கொடுப்பானா? அப்போதுதான் கீழேயிருந்து என் பெயர் வந்தது. விசிலில் ஒவ்வொருவர் பெயரும் ஒரு மாதிரி இருக்கும், தப்பவே தப்பாது. மெஷின் ஓடவில்லை என்று தெரிந்து கேலி பண்ணுகிறான் என்று நினைத்தேன்.

அடுத்து ஏர் ஃபில்டர். கழற்றினால் பளிச்சென்று இருந்தது. கழுவிக் காயவைத்து மாட்டியிருக்கிறான். என் ஃபில்டரை இவன் எதற்குக் கழுவ வேண்டும்? உள்ளே கை வைக்காமல் கழுவ முடியுமா? நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது விசில் வந்தது. கயிறு நழுவிடுச்சு, கால்ல அரிவாள் பட்டுடுச்சு, வா.

எனக்கு முழுசாக விளங்கியது, ஐயா. விளங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளத்து ஓரத்தில் இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் இறங்க மாட்டார்கள். கயிறு நழுவினால் எங்கே போய் விழுவான் என்றும் தெரியும். ஆனால் சின்ன வயதிலிருந்தே அவன் முள் குத்தினால்கூட ஊரைக் கூட்டுகிறவன். ஃபில்டரை மாட்டிவிட்டுப் போவோம் என்று மாட்டினேன்.

மாட்டியதும் பிளக் கண்ணில் பட்டது. அதைக் கழற்றி, இன்ஜின் மேல் தொட வைத்துக் கயிற்றை இழுத்தேன். பொறி வரவில்லை. என்னிடம் புது பிளக் ஒன்று இருந்தது. அதை வைத்தும் பொறி இல்லை. அப்போது எனக்கு நிச்சயமாகிவிட்டது. உள்ளே வயரை அறுத்திருக்கிறான். ரத்தம் நிக்கல, வாடா, என்று மறுபடி விசில். அது முன்னைப் போல் கூர்மையாக இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. என் மெஷினைக் கெடுத்துவிட்டு என்னையே உதவிக்குக் கூப்பிடுகிறானே, இவனுக்கு என்ன நெஞ்சழுத்தம்! அறுந்த வயரைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்துக்கொண்டுதான் கீழே இறங்குவது என்று முடிவு செய்தேன். அவன் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும்.

வயரைத் தடவிக்கொண்டே கைப்பிடி வரை வந்தேன். எங்கும் அறுந்திருக்கவில்லை. கைப்பிடியில் என் கட்டைவிரல் ஸ்விட்சில் பட்டது. அது ஆஃப் பக்கம் இருந்தது. முந்தின நாள் பாதையோரம் வெட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தியது நான்தான். அதை மறுபடி ஆன் செய்யாமல் காலையிலிருந்து கயிற்றை இழுத்திருக்கிறேன். அவ்வளவுதான். மெஷினில் ஒரு குறையும் இல்லை.

சிரிக்காதீர்கள், ஐயா. அனுபவசாலிகளும் கோட்டை விடுகிற இடம் அது.

எனக்கு வெட்கமாக இருந்தது. கீழே போனால் அவன் என்ன கேட்பான்? "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்பான். நான் என்ன சொல்வேன்? நீ கெடுத்துவிட்டாய் என்று நினைத்து அறுந்த வயரைத் தேடிக்கொண்டிருந்தேன், ஸ்விட்ச் போட மறந்திருந்தேன் என்றா? அதை டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சாகும்வரை சிரிப்பானே. இல்யாஸ் ஒருவன் போதும், என் பேரன் காலம் வரை சொல்லிக்கொண்டிருப்பான். மறுபடியும் என் பெயர் வந்தது. உட்கார்ந்து யோசிக்கவே விடமாட்டேன் என்கிறானே என்று இருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் உங்களிடம் முதல் நாள் சொன்ன வாக்குமூலத்தில் பொய் எதுவும் இல்லை. "என் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை" என்று சொன்னேன். ஓடத்தானே செய்தது? நல்லபடியாக வெட்டினேன். எல்லைச் செடியைச் சுற்றிக்கூட அவன் பக்கமும் சேர்த்துச் சுத்தமாக வெட்டிக் கொடுத்தேன்.

அண்ணனை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்று அண்ணி என் எதிரே வந்து நின்றாள். அழவில்லை. "தம்பி, நீங்க பெட்டி மேல உக்காந்திருந்தப்போ மெஷின் ஓடலையே. அவரு விசில் உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். "கேட்டிருந்தா ஓடியிருக்க மாட்டேனா அண்ணி?" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீங்க எந்திரிச்சு ஓடுவீங்கன்னு அவரு நம்பியிருப்பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அங்கிருந்துதான் உங்களிடம் வந்திருப்பாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவளுக்கும் உங்களுக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், பாதியில் விடுவது என் பழக்கம் இல்லை. டேங்க் காலியாகி மெஷின் நின்றபோது கொஞ்ச நேரம் காதில் இரைச்சல் மட்டும் இருந்தது. அது அடங்கியதும் கேட்டேன். அண்ணன் இன்னும் விசிலடித்துக்கொண்டிருந்தான். மெல்லிசாக, மூச்சு மாதிரி. கயிறு, கால் என்று எதுவும் இல்லை. என் பெயர் மட்டும்தான். சீக்கிரம் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் உங்களிடம் சொன்னாராமே, எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

கேனை எடுத்தேன். பெட்ரோலில் எண்ணெயைச் சரியான அளவில் கலந்தேன். அதில் அவசரப்பட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். டேங்கை நிரப்பி மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அதுவும் தீர்ந்து மெஷின் நின்றபோது பள்ளத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. உடனே எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல் ஓடினேன், ஐயா. முள்ளிலும் கல்லிலும் விழுந்து எழுந்து ஓடினேன். இந்த ஊரில் அவனிடம் முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.