முளைக்காத புல்

சோழவந்தான் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். நரைத்த மீசைக்காரர், பக்கத்திலிருந்த பாயிடம் சொன்னார்: "முளைக்காத புல்லுக்கு அம்புட்டுத் தண்ணி ஊத்துறாங்க பாய்!"

அதற்கப்புறம் கையிலிருந்த பேப்பரில் எனக்கு என்ன வேலை?

"எங்கண்ணே, வெளிநாட்டுலயா?"

"ஆமா. அந்தக் காலத்துல கடைசியா இந்தியாவுக்காக ஹாக்கி ஆடப் போனேன்ல, அந்தக் கிரவுண்டுலதான். பூராம் பிளாஸ்டிக் புல்லு. தண்ணி ஊத்துனதும் பந்து கண்ணாடியில ஓடுற மாதிரி வழுக்கிட்டுப் போகுது. நான் மண்ணுல உருட்டி உருட்டிப் பழகுனவன். எட்டிப் புடிக்கவே முடியல."

"அதையும் பழகியிருக்க வேண்டியதுதானண்ணே?"

"எங்கிட்டுப் போயிப் பழக? மதுரையில அப்ப அந்தப் புல்லு எங்க இருந்துச்சு? அடுத்த டீமுல நம்ம பேரு இல்ல. அம்புட்டுத்தான்."

ஜன்னலுக்கு வெளியே வைகை வெறும் மணலாகக் கிடந்தது.

"ஆட எறங்கும்போது தரையத் தொட்டுக் கண்ணுல, நெத்தியில ஒத்திக்கிருவேன், ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா? நெத்தியில மண்ணோடதான ஆடுவீங்க."

"அங்கயும் குனிஞ்சு தொட்டேன் பாய். வெறும் தண்ணிதான் கையில ஒட்டுச்சு."