அடைச்ச வால்வு

சிரிங்க தம்பி, நல்லா சிரிங்க. கீசரு வால்வு மேல எம்சீல் பசைய அப்பி வச்சது எங்க வூட்டு இஞ்சினீயருதான். தோ, கூடத்துல டிவி முன்னால ஒக்காந்திருக்காரே, எங்க வூட்டுக்காரரு, அவருதான். கேக்கட்டுமே, எனக்கென்னா பயமா?

என்னா சொன்னீங்க? சொட்டுறதுதான் அதுக்கு வேலயா? அதத்தானே நானும் சொன்னேன். சூடேறுனா கொஞ்சம் சொட்டும், கீழ ஒரு பக்கெட் வச்சா முடிஞ்சுது, அந்தத் தண்ணியில பாத்ரூமக் கழுவிக்குவேன். தொரைக்குப் பொறுக்கல. லீக்கு லீக்குன்னு ஒரே கூத்து. ஸ்டூலப் போட்டு ஏறி அடைச்சுட்டு, கையத் தட்டிக்கினே எறங்குறாரு, என்னமோ வீராம்பட்டணம் தேர நெலைக்குக் கொண்டாந்து சேத்துட்டாப்புல.

அப்புறம்? சூடான தண்ணி எங்கதான் போவும்? காலைல கொர்ருன்னு ஒரு சத்தம். பைப்பப் பிச்சிக்கினு செவுரெல்லாம் சுடுதண்ணி, ஆவியில கதவே தெரியல. ஓடிப்போயி மெயின அணைச்சுட்டுத் திரும்புறேன், அவரு துண்டத் தோள்ல போட்டுக்கினு, தண்ணி இன்னும் காயலயாங்கறாரு!

இந்த எழவே வேணாம்னேன். பிரான்சுல எம்புள்ள ஆகாஷுக்குக் குளுருதாம், அதுக்கு எங்களுக்கு இங்க கீசரு மாட்டிட்டுப் போனான். பாண்டிச்சேரி வெயில்ல பைப்பத் தொறந்தாலே சுடுது. மாட்டுனதோட சரி. போன்ல மட்டும், அம்மா சர்வீஸ் பண்ணீங்களா, சர்வீஸ் பண்ணீங்களா. வந்து பண்றதுதானே, அறிவாளி.

அது என்னா தம்பி, சுண்ணாம்புக் கட்டியா? உப்பா! எங்க உழவர்கரத் தண்ணி அப்படி. பருப்பே வேவாது, உள்ள சூடேத்துற காயிலு எப்படித் தாங்கும்?

யாரு, அவருக்கா வால்வப் பத்தித் தெரியாது? நல்லாச் சொன்னீங்க. நம்ம பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்துல கம்பெனி பாய்லரப் பாத்தவரு. பாய்லர் உத்திராபதின்னா அங்க இன்னிக்கும் தெரியும். ஒருதடவ எவனோ சேப்டி வால்வுல கம்பியச் சொருவிட்டான்னு, அவன வெளிய தள்ளிட்டுத்தான் சாப்புடப் போனாரு. வூட்டுக்கு வந்தும் அதே பேச்சு. அது பாய்லரோட மூக்குடி, அத அடைக்கறவன் கொலகாரன்டின்னு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

அந்த மனுஷன்தான் தம்பி அடைச்சாரு.

என்னா என்னையே பாக்குறீங்க, வேலயப் பாருங்க. புது வால்வு போடுங்க. சுவிட்சு மட்டும் இங்க வேணாம், அடுப்படியில என் கைக்கிட்ட மாத்திடுங்க. பாத்ரூம் கதவுத் தாப்பாளயும் கழட்டிடுங்க. உள்ள போட்டுக்கினா அவருக்குத் தொறக்கத் தெரியல. ஆகாஷுக்கு இதெல்லாம் சொல்லல. சொன்னா, அப்பாவ ஹோம்ல சேத்துடலாம்மாம்பான். சேப்பான், சேப்பான்.

சத்தமாத்தான் பேசுறேன், தெரியும். முன்னெல்லாம் நான் ஒரு வார்த்த சொன்னா அவரு ஒம்போது வார்த்த திருப்புவாரு. தெருவே வேடிக்க பாக்கும். இப்ப இவ்ளோ நேரமா கழுவிக் கழுவி ஊத்துறேன், திரும்பிப் பாத்தாரா பாருங்க.

முடிஞ்சுதா? சரி. போறப்ப உங்களக் கூப்புட்டு, அந்தம்மா யாருன்னு கேப்பாரு. உங்க வூட்டுக்காரம்மாதான்னு சொல்லிட்டுப் போங்க தம்பி. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு.