பிரெஞ்சு ராணி பேரு

— கேக்குல பேரு எழுதியாச்சு, சர்ச் ஐயரு நோட்டுல ஏத்தியாச்சு. இன்னும் கால் மணி நேரத்துல பிள்ளைக்கு ஞானஸ்நானம். இப்ப வந்து பேரை மாத்தணும்னா எப்படிங்க?

— பைய பேசு ஜெமிமா. பாட்டுக்குழு பூரா நம்மளத்தான் பாக்குதாங்க.

— பாக்கட்டும். ஜோசபின்னா பிரெஞ்சு ராணி பேருன்னு பாளையங்கோட்டை முழுக்கத் தண்டோரா போட்டது யாரு, நானா?

— நாந்தான். என் கூட்டாளி இஸ்ரவேல் சொன்னான், ஸ்டைலா இருந்துச்சு. இப்பத்தான் போன்ல அர்த்தம் பாத்தேன். குடி கெட்டுது!

— அப்படி என்ன அர்த்தம்?

— பிரெஞ்சு எல்லாம் மேல்பூச்சு. உள்ள இருக்கது எபிரெயு. நம்ம வேதாகமத்து யோசேப்பு, அதான் ஜோசப், பிரான்சுக்குப் போயி கவுன் மாட்டிட்டு வந்திருக்கான்.

— யோசேப்பு நல்லவன்தானே?

— ஏட்டி, ராகேல் அவனைப் பெத்ததும் என்ன நெனச்சுப் பேரு வச்சா? ஆண்டவர் இன்னும் ஒண்ணு கூட்டித் தரணும்னு!

— நல்லாருக்கு ஜாஸ்பர் வாத்தியாரே! வேதாகமப் போட்டியில வருசா வருசம் கப்பு வாங்குதீய. ஜோசபினுக்குள்ள ஜோசப் இருக்கது தெரியலையாக்கும்?

— போட்டியில அவனைக் கவுன் போட்டுக் கேக்கலையே!

— சிரிப்பு மூட்டாதீய, பிள்ளை முழிச்சுக்கிடும்.

— இது சிரிக்கிற விசயமா? இதோட மூணு. ஸ்கூட்டர்ல முன்னால ஒண்ணு, நடுவுல ஒண்ணு, உன் மடியில ஒண்ணு. நாலாவதை எங்கன வைக்க? ஹெட்லைட் மேலயா?

— அப்ப போதும்பொண்ணுன்னு வச்சிருக்கணும்.

— வேதக்காரன் அப்படி வைப்பானாட்டி? அது மூடநம்பிக்கைன்னு போன மாசந்தான் பிரசங்கமே பண்ணுனேன்.

— இது மட்டும் என்னவாம்? பேரு வச்சா பிள்ளை வந்துருமா?

— வராது. வராதுதான்... ஆனா ஆண்டவர் காதுல விழுந்து தொலைச்சா?

— பேரு மேல பழியைப் போடாதீய. குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேசனுக்கு மூணு தடவை தேதி வாங்கிட்டு, மூணு தடவையும் காய்ச்சல்னு படுத்தது யாரு?

— அது நெசமாவே காய்ச்சல்.

— தேதி வந்தா காய்ச்சல், தேதி போனா புரோட்டா!

— சரி விடு. ஐயர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன். கிளாரா, ரோஸு, எதையாவது வைப்போம். கூட்டாத பேரா இருந்தாச் சரி.

— எங்க ஓடுதீய? நில்லுங்க. பிள்ளையப் பிடிங்க, ஐயரு கூப்பிடுதாரு.

— அப்ப ஜோசபினே இருக்கட்டுங்கியா?

— இருக்கட்டும். ஆண்டவரு நீங்க பேரு வைக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கல. முழுகாம எனக்கு இது மூணாவது மாசம்.