மைனர் மாப்பிள்ளை, மைனர் பெண்

இந்த ரத்தப் பரிசோதனை முகாமுக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் கலைச்செல்வி அவர்களே, முன்வரிசையை நிரப்பியிருக்கும் முதுபெரும் வணிகப் பெருமக்களே, வல்லத்திலிருந்து வண்டி பிடித்து வந்திருக்கும் வாஞ்சைமிகு தாய்மார்களே, ஊசிக்குப் பயந்து ஓரமாய் ஒதுங்கி நிற்கும் ஒப்பற்ற இளஞ்சிங்கங்களே, கடைசி வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீற்றிருக்கும் என் அருமை அக்கா ஆதிலட்சுமி அவர்களே, செஞ்சிக் கடைவீதிப் பாத்திரக்கடைச் சிங்காரவேலுவின் சிரந்தாழ்ந்த வணக்கம்.

கைதட்டுகிறீர்கள், நன்றி. அக்கா தட்டமாட்டாள். ஆனி மாதத்திலிருந்து என்னோடு பேச்சில்லை. நம் செஞ்சிக் கோட்டை மலைகள் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் போலத் தினமும் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். காரணம்? ஒரு சொல். ஒரே ஒரு சொல்.

அக்கா மகன் ஸ்ரீஹரிக்கு என் மகள் வித்யாஸ்ரீயைப் பேசி முடித்தோம். எங்கள் வகையறாவில் பெண் எடுப்பதும் உள்ளே, கொடுப்பதும் உள்ளே. பத்துப் பொருத்தமும் அமோகம். ரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்றாள் மகள். பார்த்தோம். பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது: "சார், மாப்ள மைனரு."

எந்த மைனர்? கழுத்தில் சங்கிலி, உடம்பில் சில்க் ஜிப்பா, வாயில் வெற்றிலை, அந்த மைனரா? ஓடினேன் அக்கா வீட்டுக்கு. "இன்னாக்கா, உன் புள்ள மைனராமே, யார் பின்னாடி சுத்துறான்?" அக்கா கொதித்துவிட்டாள். "எம்புள்ள பஸ்ல லேடீஸ் சீட்டு பக்கம்கூட திரும்பமாட்டான்டா. இன்னா பேச்சு பேசுற?" அதற்குள் மறுபடி போன்: "சார், உங்க பொண்ணும் மைனரு." எனக்கு வந்ததே கோபம். "எம்பொண்ணு எம்.எஸ்சி. முடிச்சவ. அவளாய்யா மைனரு?"

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

நம் டாக்டர் கலைச்செல்விதான் உட்கார வைத்து விளக்கினார். ரத்தம் எப்படி ஊற வேண்டும் என்று உடம்புக்குள் ஒரு குறிப்பு இருக்கிறதாம். தாய் தந்தது ஒரு பிரதி, தந்தை தந்தது ஒரு பிரதி. ஒன்றில் எழுத்துப் பிழை, மற்றது சரி என்றால் தலசீமியா மைனர். உண்பார், உழைப்பார், ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு மைனர் இணைந்தால்? ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு பிரதியும் பிழையாகவே பிள்ளைக்குப் போய்ச் சேரும். அது தலசீமியா மேஜர். பட்டாளத்து மேஜர் அல்ல, ஐயா. மாதாமாதம் அடுத்தவர் ரத்தத்தை ஏற்றித்தான் அந்தப் பிஞ்சு பிழைக்க வேண்டும்.

கருவிலேயே சோதிக்கவும் வழி உண்டு, முடிவு உங்களுடையது என்றார் டாக்டர். பிள்ளைகள் இருவரும் தனியாகப் பேசிவிட்டு வந்தார்கள். "வயித்துல இருக்கிறத நெனச்சி நெனச்சி பயந்துகினே இருக்க முடியாது நைனா. கல்யாணம் வேணாம், நாங்க இப்டியே அத்த புள்ள, மாமன் பொண்ணாவே நல்லா இருந்துக்கிறோம்" என்றாள் மகள். அக்காவுக்குத்தான் ஆறவில்லை. "டெஸ்ட்டு எடுத்து சொந்தத்த அறுத்துட்டியேடா" என்றவள், அதன்பின் வாயே திறக்கவில்லை.

பெருமக்களே, இந்த மண்டபம் எதற்குப் பிடித்தது தெரியுமா? அந்தக் கல்யாணத்துக்கு. இந்தப் பந்தல், இந்த வாழைமரம், பின்னால் கொதிக்கும் சாம்பார், எல்லாம் அதற்குச் சொன்னதுதான். முகூர்த்த நாளில் முகாம் வைத்தேன். வாசலில் டோக்கன் கொடுப்பது யார்? மணமகனாக வேண்டிய ஸ்ரீஹரி. வரிசையைச் சரிசெய்வது யார்? என் மகள் வித்யாஸ்ரீ.

நானும் சோதித்துக்கொண்டேன். தலை நரைத்த பிறகு நானும் மைனர். வீட்டுக்காரி அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள். மைனர் என்றால் மானக்கேடா? மறைக்க வேண்டிய குற்றமா? குலத்துக்குக் களங்கமா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை. முறைமாப்பிள்ளையோ, முன்பின் தெரியாத மாப்பிள்ளையோ, மூன்று முடிச்சுக்கு முன்னே கொஞ்சம் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

அக்கா, உன் மகன் உன் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டான். நீயும் மைனர்தான். அம்மாவோ அப்பாவோ விட்டுப்போன அதே பிழை உன் ரத்தத்திலும் ஓடுகிறது, என் ரத்தத்திலும் ஓடுகிறது. இதை எந்த டெஸ்ட் அறுக்கும்? இதைவிடச் சொந்தம் நமக்கு வேறென்ன வேண்டும்?

என்ன, பின்வரிசையில் யாரோ எழுந்து ஏதோ சொல்கிறார்களே?

"பேசினது போதும்டா மைனரு. எலை போட்டாச்சு, எறங்கு."

பேசிவிட்டாள். பெருமக்களே, என் அக்கா பேசிவிட்டாள். இனி எனக்கு மேடை எதற்கு? ஊசிக்குக் கை நீட்டப்போகும் அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம். யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது.