ஓடிக்கொண்டிருந்த ஃபேன்

தெருவில் என்னை இஸ்திரிக்கார அக்கா என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தொன்று. பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடியின் பின்பக்க வீட்டில் பதினாறு வயது மகளுடன் குடியிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் ஐயா எழுதுகிறார்.

ஆறு மாதத்துக்கு முன் எங்கள் குளியலறையை மேஸ்திரியான என் அண்ணன் புதுப்பித்துக் கொடுத்தார். கேஸ் கீசரை வெளியே பால்கனியில்தான் மாட்ட வேண்டும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்ததை அவரிடம் காட்டினேன். "உள்ளயே இருக்கட்டும். சுவத்துல ஃபேன் மாட்டித் தர்றேன், புகையெல்லாம் வெளிய போயிடும்" என்றார். அதன் பிறகு, இனி தேவையில்லை என்று ஜன்னலையும் அடைத்து டைல்ஸ் ஒட்டினார். வாய்ப்பந்தல் போடுவதில் அவருக்கு நிகர் அவர்தான் என்று தெரிந்தும், கூடப்பிறந்தவராயிற்றே என்று நம்பினேன்.

ஃபேன் போடாமல் கீசரைத் தொடக்கூடாது என்று மகளுக்குத் தினமும் சொல்வேன். என் தொல்லை தாங்காமல் "போட்டாச்சு, போட்டாச்சு" என்று பாட்டாகவே பாடிக்கொண்டு உள்ளே போவாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கும் பாடிக்கொண்டுதான் போனாள். அதன் பிறகு இருபது நிமிடம் தண்ணீர் விழும் சத்தம் மட்டுமே கேட்டதால் நான் கூப்பிட்டு, பதில் வராததால் எதிர்வீட்டு டெய்லரை அழைத்து, இருவருமாகக் கதவை உடைத்தோம். மகள் தரையில் கிடந்தாள். கீசர் எரிந்துகொண்டிருந்தது. ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. கீசரை அணைத்துவிட்டு அவளைப் பால்கனிக்கு இழுத்து வந்து, பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"காத்துப் போக வழியில்லாத இடத்துல கீசர் எரிஞ்சிருக்கு. அந்த விஷப்புகைக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது" என்றார் டாக்டர். ஃபேன் ஓடியதே என்று அவரிடம் சண்டை போட்டேன். அதன் பிறகு வீட்டுக்குத் திரும்பி, பின்வீட்டு மொட்டை மாடியில் ஏறி எங்கள் சுவரைப் பார்த்தேன். ஃபேனுக்கு நேராக ஓட்டையே இல்லை. சுண்ணாம்பு அடித்த முழுச்சுவர்தான் இருந்தது.

அண்ணனிடம் கேட்டேன். "அந்த இடத்துல கான்கிரீட் தூண் வந்துடுச்சும்மா, உடைக்க முடியல. நீ பயப்படுவியேன்னு சும்மா ஒரு சட்டம் அடிச்சு மாட்டிவிட்டேன்" என்றார். ஆறு மாதமாக என் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு அது சுற்றியிருக்கிறது. தினமும் அதைப் போடச் சொல்லி அவளை உள்ளே அனுப்பியவள் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

இன்று காலை ஸ்டேஷனுக்கு வரும் வழியில் அண்ணன், "உன் பொண்ணு ஃபேன் போட மறந்துட்டான்னு சொல்லிடு. சின்னப் பொண்ணு, அவளை யாரு என்ன பண்ணப்போறாங்க? என் பொழப்பு போயிடும்" என்றார். மகள் நேற்று மாலைதான் கண் விழித்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "நான் ஃபேன் போட்டேன்ல அம்மா?" என்பதுதான்.

அண்ணனின் வண்டியில்தான் இங்கே வந்தேன். அவர் வெளியே காத்திருக்கிறார். நான் நடந்தே வீட்டுக்குப் போய்க்கொள்வேன்.

எழுதியதை ரைட்டர் ஐயா படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. மகள் மறந்தாள் என்று அண்ணன் வாயில் தவிர வேறு எங்கும் இல்லை என்பதை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடுகிறேன்.