மேட்னி முடிந்து பார்சிப்பனிக்கு

ஜோவானா: அழுதியாம்மா?

ஜூடித்: இல்லடி. தியேட்டர்ல ஏசி ஜாஸ்தி.

ஜோவானா: ஏசிக்கு மூக்குதான் ஒழுகும். கண்ணு இல்ல.

ஜூடித்: ரோட்டைப் பாரு. லைசென்ஸ் வாங்கி ஒரு மாசம் ஆகல… சிக்னல் போடு.

ஜோவானா: போட்டுட்டேன். அப்பாவும் வந்திருக்கலாம்.

ஜூடித்: அவருக்குத்தான் வயிறு சரியில்லையே. நேத்துலேர்ந்து சாப்பிடல.

ஜோவானா: படம் பிடிச்சுதா?

ஜூடித்: ட்ரினிடாட்ல இவ்வளவு நம்மாளுங்க இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது. அந்த அம்மா பொண்ணு தலைக்கு எண்ணெய் வெச்சு, இழுத்து இழுத்துப் பின்னுறா… நான் உனக்குப் பின்னின மாதிரியே.

ஜோவானா: அந்தப் பொண்ணோட அப்பா அந்தக் கறுப்புப் பையனைக் கடைக்குள்ளயே வராதேங்கறாரே. அது?

ஜூடித்: தப்புதான்.

ஜோவானா: சின்னதுலேர்ந்து ரெண்டு பேரும் ஒண்ணா வளர்ந்தவங்க. அவளுக்குப் பதினாறு வயசானதும் திடீர்னு…

ஜூடித்: பொண்ணு வளர்ந்துட்டா அப்பாக்களுக்கு எல்லாம் திடீர்னுதான்.

ஜோவானா: நம்ம அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரா?

ஜூடித்: அப்பாவை ஏன் இழுக்குற?

ஜோவானா: சும்மா… படத்தைப் பத்திதான்.

ஜூடித்: உங்கப்பா சிஎஸ்ஐ, நான் ஆர்சி. ஒரே தூத்துக்குடி, ஒரே இயேசு. அதுக்கே எங்கப்பா ரெண்டு நாள் சாப்பிடல.

ஜோவானா: அப்புறம்?

ஜூடித்: மூணாம் நாள் மீன் குழம்பு வாசம் வந்துச்சு. தட்டை எடுத்துட்டு உட்கார்ந்துட்டார்.

ஜோவானா: நிஜமாவா?

ஜூடித்: முறைச்சுக்கிட்டேதான் சாப்பிட்டார். ஆனா சாப்பிட்டார். ஆமா… வாசல்ல டிக்கெட் கிழிச்சானே, உயரமா ஒரு கறுப்புப் பையன்…

ஜோவானா: எந்தப் பையன்?

ஜூடித்: 'என்ஜாய் த மூவி, ஆன்ட்டி'ன்னான். பன்னெண்டு வருஷமா இந்த அமெரிக்காவுல இருக்கேன். நம்ம பிள்ளைங்களைத் தவிர ஒருத்தன் என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டதில்ல. நீதானே சொல்லிக் கொடுத்தே?

ஜோவானா: நான் ஒண்ணும் சொல்லித் தரல. ட்ரினிடாட்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவங்க வீட்டுல கூட…

ஜூடித்: ம்… சொல்லு.

ஜோவானா: இரு, லேன் மாத்தணும்.

ஜூடித்: எக்ஸிட்டை விட்டுறாத.

ஜோவானா: அம்மா… அவன் ரொம்ப நல்லவன்மா. அப்பாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதே. ப்ளீஸ்.

ஜூடித்: அவன் வியாழக்கிழமையே உனக்குப் போன் பண்ணான், நான்தான் எடுத்தேன். அப்பவும் 'குட் ஈவினிங், ஆன்ட்டி'தான். அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவர் வயித்துல ஒரு கோளாறும் இல்லடி. நாளைக்கு மூணாம் நாள். சர்ச் முடிஞ்சதும் அந்தப் பையனைச் சாப்பிட வரச்சொல்லு… மீன் சாப்பிடுவான்ல?