சரசு பேரில் ஒரு பில்

— இந்த வரிதான் டீச்சர். போர்ட் பிளேர் டாக்டர் பில்லுல அடிக்கோடு போட்டிருக்காரே, என்ன அது?

— நெஞ்சு தாளம் தப்பி அடிக்குதுன்னு எழுதியிருக்கு, சரசு.

— தப்பின்னா? நின்னு நின்னா?

— ஒரு அடி முந்தும், ஒரு அடி பிந்தும். கையைக் குடு, பாக்கலாம்.

— பிந்துதா?

— பேசாம இரு... இல்லையே. தையல் மிஷின் மாதிரி சீராத்தான் ஓடுது.

— அப்ப மாத்திரை கேக்குது. போட்டா தலைதான் கிர்ருங்குது.

— வேற என்ன சொன்னாங்க?

— பாரம் தூக்கக் கூடாதாம். அதான் இவரே தண்ணி சுமக்குறாரு. பகலெல்லாம் டிப்போவுல மரம் இழுத்துட்டு வந்து, அப்புறம் கொடம். அந்தா, பம்படியில நிக்கிறாரு பாருங்க. எனக்கு மகாராணி வாழ்க்கை!

— தங்கையா அண்ணன் மாதிரி புருஷன் யாருக்கு வாய்க்கும்? சரி, நெஞ்சுல ஒயர் வச்சதுக்கும் இதுல சார்ஜ் போட்டிருக்கு. பயந்துட்டியா?

— எந்த ஒயரு?

— நெஞ்சுல ஒட்டவச்சு, காகிதத்துல கோடு எடுப்பாங்களே.

— அது அவருக்குத்தானே வச்சாங்க! மேடேறினா படபடங்குதுன்னாரு. நான் முட்டி வலின்னு கூடப் போனேன். எனக்கு வெறும் தைலம்.

— பின்ன பில்லு ஏன் உன் பேர்ல?

— அவரு ஒயரோட உள்ள படுத்திருந்தாரு. நர்ஸ் வெளிய வந்து, "மரீஸ் கா நாம் போலோ, ஜல்தி போலோ"ன்னு, நோயாளி பேரைச் சீக்கிரம் சொல்லுன்னு இந்தியில என்னையப் போட்டு முடுக்குறா. கட்டினவரு பேரை வாயால எப்படி டீச்சர் சொல்றது?

— அதனால?

— ஒரே வீடுதானேன்னு என் பேரைச் சொல்லிட்டேன்.

— டாக்டர் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?

— எங்க? ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட் எடுக்கணும்னு எந்திரிச்சதும் துறைக்கு ஓடிட்டாரு. கம்பவுண்டர்தான் "சரசு, சரசு"ன்னு கூப்பிட்டு, மாத்திரையக் குடுத்து, பாரம் தூக்காதேன்னாரு.

— சரசு, நல்லாக் கேளு. தாளம் தப்பினது உன் நெஞ்சு இல்ல.

— என்ன டீச்சர்... அப்ப அந்த மாத்திரை...

— அவருது.

— ஐயோ. ஏங்க! ஏங்க!

— பம்பு சத்தத்துல கேக்கல. அங்க எல்லாப் பொம்பளையும் புருஷனைக் கூப்பிடுறது "ஏங்க"தான். ரெண்டு கொடத்தோட மேடேறப் போறாரு, சரசு!

— தங்கையா! கொடத்தை எறக்கி வைங்க! தங்கையா!